பத்தாவது இடத்தில் ஒரு புள்ளி

இடி ஓய்ந்தபோது பேஸ்காரரின் விரல் கிட்டார் கம்பியில் தப்பான இடத்தில் நின்றிருந்தது.

பெரிய தப்பில்லை. ஒரு நெல்மணி அளவுக்குத் தள்ளியிருந்தால் அதிகம். ஆனால் கும்மிருட்டில் அந்த ஒரு சுரத்தைக் கேட்டுத்தான் கதாநாயகி பாட ஆரம்பிக்க வேண்டும். அவளும் நம்பி ஆரம்பித்தாள். எடுப்பே கொஞ்சம் உயரம். சரணத்தில் ஏறும்போது குரல் கிறீச்சிட்டு, பாட்டு இருமலாக முடிந்தது.

விளக்குகள் எரிந்தன. ஒத்திகை மேடையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பதினாலு பேர் பேஸ்காரரைப் பார்த்தார்கள். பதினைந்தாவது ஆள் அவரேதான்.

"அண்ணே," என்றார் டைரக்டர். வயதில் சின்னவர், குரலில் பெரியவர். "இருட்டுல பேய் வரணும். இருமல் வரக் கூடாது."

"நாளைக்குச் சரி பண்ணிடறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. வெள்ளிக்கிழமை முதல் காட்சி. அதுக்குள்ள சரியா வரலைன்னா அந்த இடத்துக்கு ஒரு ரெக்கார்டைப் போட்டுக்கறேன். ஒரு இடத்துக்கு ரெக்கார்டு போதும்னா அப்புறம் எல்லா இடத்துக்கும் அதுவே போதும் இல்லையா? நீங்களே யோசிங்க."

பேஸ்காரர் யோசித்தார். பதினொரு வருஷமாக அந்த நாடகக் குழுவின் ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் கிடந்து முனகுவது அவருடைய பேஸ் கிட்டார்தான். யாரும் அதைத் தனியாகக் கேட்டுப் பாராட்டியதில்லை. ஆனால் அதை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சாயங்காலங்களில் எங்கே போவது என்பதும் தெரியாது.

தொல்லையெல்லாம் புது வாத்தியத்தால் வந்தது. பழைய பேஸின் கழுத்தில் குறுக்குக் குறுக்காக உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். ஃபிரெட் என்பார்கள். விரலால் தடவிப் பார்த்தே இடம் கண்டுபிடித்துவிடலாம், சுருதியும் தானாகச் சேர்ந்துவிடும். டைரக்டருக்கு அது போதவில்லை. பேய் வரும்போது பேஸ் அழ வேண்டும், ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போக வேண்டும் என்றார். அதற்கு ஃபிரெட் இல்லாத பேஸ்தான் தோது. அதன் கழுத்து வழவழவென்று இருக்கும். எங்கே அழுத்துவது என்பதற்கு, வாசிப்பவர் பக்கத்து விளிம்பில் கடுகளவு புள்ளிகள் மட்டும் இருக்கும்.

அப்படி ஒன்றைப் பழைய வாத்தியங்கள் விற்கும் கடையில் பிடித்தார். கடையில் அது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"ஏன் திருப்பி வச்சிருக்கீங்க?"

"கொண்டுவந்து கொடுத்தவர் வீட்டுலயும் அப்படித்தான் வச்சிருந்தாராம்," என்றார் கடைக்காரர். "அவருக்கு முன்னாடி வச்சிருந்தவரும்." உறையை எடுத்து நீட்டினார். "திருப்பிக் கொடுத்தா மட்டும் வாங்க மாட்டேன்."

சத்தம் என்னவோ அருமை. ஆனால் கறுத்த மரத்தில் கறுத்த புள்ளிகள். அவருடைய ஐம்பத்து நாலு வயதுக் கண்ணுக்குப் பட்டப்பகலிலேயே தட்டுப்படவில்லை. மேடையிலோ அந்தக் கட்டத்தில் விளக்கே கிடையாது. காதை நம்பலாம் என்றால் இடிக்காரர் விட மாட்டார். பெரிய தகரத்தைப் பிடித்து உலுக்கி இடி உண்டாக்குவது அவர் வேலை. பேஸ் வழுக்கிக்கொண்டு ஏறுகிற நேரம் முழுக்க அவர் உலுக்குவார். வாசிக்கிறவருக்குத் தன் வாத்தியமே கேட்காது. இடி ஓயும்போது விரல் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வைத்தியம் ஒயிட்னர். மனைவி தன் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் வெள்ளையடித்தார். கழுத்தின் நுனியிலிருந்து சுரம் சுரமாக எண்ணினால் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் இடங்களில் ஒவ்வொன்று. பன்னிரண்டில் மட்டும் இரண்டு. ஆக ஆறு. பளிச்சென்று இருந்தன.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நீங்க போய் நிக்க வேண்டிய இடம் எது?"

"பத்து."

"பத்துல புள்ளியே இல்லையே?"

"பத்துல வைக்க மாட்டாங்க."

"ஏன்?"

"மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது, பன்னெண்டு. அது அப்படித்தான்."

"ஏங்க, போக வேண்டிய வீட்டுக்கு அடையாளம் வைக்காம பக்கத்து வீட்டுக்கு வச்சா எப்படிங்க?"

"பத்துல புள்ளி வச்ச பேஸைத் தூக்கிக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிக்க முடியுமா? சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன பண்றாங்க?"

அவர் ஒயிட்னரின் மூடியை வேண்டுமளவுக்கு மேல் இறுக்கித் திருகினார்.

"இன்னொண்ணு," என்றாள் மனைவி. "அதைச் சுவரைப் பார்த்து வையுங்க. அந்த ரூம்ல துணி மாத்தவே ஒரு மாதிரியா இருக்கு."

"கிட்டார் எங்கயாவது பாக்குமா?"

"பாக்குதுன்னு நான் சொன்னேனா? ஒரு மாதிரியா இருக்குன்னுதான் சொன்னேன்."

வெளிச்சம் இருந்தால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும் என்பது செவ்வாய்க்கிழமை ஒத்திகையில், இருட்டில், அவருக்குப் புரிந்தது. ஒயிட்னர் இருந்த சுவடே இல்லை. இந்த முறை விரல் எட்டாமலே நின்றுவிட்டது. கதாநாயகி அடிக்குரலில் எடுத்து, போகப் போக உறுமலில் இறங்கினாள்.

"என்னையே பேயாக்கிட்டீங்களேண்ணா," என்றாள் வெளிச்சம் வந்ததும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைக்காவது தெரியட்டும் என்று அடுத்த வைத்தியத்தில் இறங்கினார். மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துப் புள்ளிகள் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, மேடு கட்டினார். கட்டைவிரல் தடவிக்கொண்டே போய் எண்ணிவிடும் என்பது கணக்கு. ஒரு பூச்சு போதுமா என்று சந்தேகம் வந்ததால் மூன்று பூச்சு. மேலே காய்ந்திருந்தது. உள்ளே காயவில்லை.

புதன்கிழமை இடி முழங்க, விரல் வழுக்க, ஏழாம் இடத்துக்கு வந்த கட்டைவிரல் அங்கேயே தங்கிவிட்டது. பேஸ்காரர் இழுத்தார். வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தபோது விரல் வந்தது. கூடவே பேஸும் வந்து மைக்கில் மோதியது. கொட்டகையே அதிர்ந்தது.

"இடி போடறது நானா அவரா? அதை முதல்ல முடிவு பண்ணுங்க," என்று இடிக்காரர் தகரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

விளக்கு வந்ததும் பேஸ்காரரின் சிவந்த கட்டைவிரலைப் பார்த்து, ரத்தம் என்று நினைத்து, கதாநாயகி அலறினாள். காட்சியில் அவள் அலற வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அங்கே இவ்வளவு நன்றாக அவள் அலறியதே இல்லை என்று டைரக்டர் வருத்தப்பட்டார்.

அன்று மத்தியானமே வீடு திரும்பிய பேஸ்காரர், வெளியூரில் படிக்கும் மகளின் அறையில் கட்டில்மேல் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தார். சின்ன வயதில் அவள் விட்டத்தில் ஒட்டச் சொன்ன நட்சத்திர ஸ்டிக்கர்கள் இன்னும் இருந்தன. வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, இருட்டில் பச்சையாக ஒளிரும் ரகம்.

"பொண்ணு லீவுக்கு வந்து படுத்தா மேல வானமே இருக்காது," என்றாள் மனைவி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு.

"ஒரே ஒரு நட்சத்திரம்தான்."

காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினில் அந்த நட்சத்திரத்தை வைத்து ஆறு வட்டம் எடுத்தார். நெயில் பாலிஷைச் சுரண்டித் துடைத்து, ஆறையும் ஒட்டினார். மேசை விளக்கின் அடியில் பேஸை ஒரு மணி நேரம் காய வைத்தார். பிறகு ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்து, விளக்கை அணைத்தார்.

ஆறு பச்சைப் புள்ளிகள். மெதுவாக வழுக்கி வாசித்துப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை எண்ணினார்.

ஏழு.

ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒன்று கூடுதலாக இருந்தது. மற்றவற்றைப் போல அவ்வளவு பச்சையும் இல்லை. லேசான மஞ்சள். விளக்கைப் போட்டார். ஆறுதான், அந்த இடத்தில் வெறும் மரம். அணைத்தார். ஆறு. சரி, கண் ஏமாற்றியிருக்கிறது என்று பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் ஏழு.

மனைவியைக் கூப்பிட்டார். "நீதானே பத்துல ஒண்ணு வச்சே?"

"நான் எதையும் வைக்கலை. எண்ணினா ஆறுதானே இருக்கு?"

"ஏழு இருக்கு பாரு."

"ஆறு... இல்லை, ஏழு."

"இப்ப ஆறுதானே?"

அறையில் கம்பி ஒன்று, யாரும் தொடாமல், மெல்ல அதிர்ந்து அடங்கியது.

"நான் சமையலறைக்குப் போறேன்," என்றாள் மனைவி. "நீங்க லைட்டைப் போடுங்க. போட்டுட்டு என்கூட வாங்க."

மறுநாள் காலையில் பேஸ்காரர் கண் டாக்டரிடம் போனார். டாக்டர் எழுத்தட்டையைப் படிக்கச் சொன்னார், கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி சரியாக இருக்கிறது என்றார்.

"ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னு வருவாங்க," என்றார், சீட்டில் ஒன்றும் எழுதாமல். "ஆறு ஏழாத் தெரியுதுன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை. நல்லாத் தூங்குங்க."

வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. நடிகர்களின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு முன்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். பேய்க் காட்சி வந்தது. விளக்குகள் அணைந்தன. பேஸ்காரர் நிமிர்ந்து நின்று வாத்தியத்தைச் சரித்துப் பிடித்தார்.

அவருக்கு மட்டும் தெரிய வேண்டிய புள்ளிகள், சரித்த சரிப்பில் மூன்றாவது வரிசை வரைக்கும் தெரிந்தன. ஒரு பெண்மணி வீறிட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர், எதற்கென்று தெரியாமலே, அதைவிடப் பலமாக வீறிட்டார். இடிக்காரர் பயந்து நிறுத்திவிட்டார். பேஸ்காரரின் விரல் எங்கே நின்றது என்று அவருக்கே தெரியாது.

"லைட்!" என்று கத்தினார் டைரக்டர். "நம்ம பேய் வர இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு! அதுக்குள்ள ஏழு கண்ணோட இது எந்தப் பேய்?"

"ஆறு," என்றார் பேஸ்காரர் பலவீனமாக. "ஆறு ஸ்டிக்கர்தான் ஒட்டினேன்."

"நான் எண்ணினேன், ஏழு."

"ஆறுதான் சார்," என்றார் இடிக்காரர்.

"ஏழு," என்றாள் கதாநாயகி.

"முதல்ல ஆறு, அப்புறம் ஏழு, அப்புறம் ஆறு," என்றார் முதலில் வீறிட்ட பெண்மணி. கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்ததில் ஆறுக்கும் ஏழுக்கும் சமமாக வந்தது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் மேலே விளக்கறையிலிருந்து லைட்டம்மா இறங்கி வந்தார். இருபது வருஷமாக அந்தக் கொட்டகையின் விளக்குகள் அவர் கையில். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். இப்போது மிகவும் தாழ்த்தியிருந்தார்.

"வெளிச்சம் யார் வேணும்னாலும் போடுவாங்க சார். சுவிட்சைத் தட்டினா வந்துட்டுப் போகுது. இருட்டு போடறதுதான் வேலை. உள்ள எரியற பொட்டு பல்பைக்கூட டேப் ஒட்டி மறைச்சு வச்சிருக்கேன். நீங்க அதுல நட்சத்திரம் ஒட்டறீங்களா?"

"மன்னிச்சுடுங்க லைட்டம்மா. கண்ணு தெரியல."

"நாளைக்கு நாலு மணிக்கு இருட்டுச் சோதனை. எல்லாத்தையும் அணைச்சுட்டு மேடை முழுக்க ஒரு சுத்து சுத்துவேன். எது மினுக்கினாலும் உரிச்சுடுவேன். சொல்லிட்டேன்."

டைரக்டர் எழுந்து வந்து பேஸ்காரரின் தோளில் கை வைத்தார். அந்தக் கனிவுதான் பேஸ்காரரைப் பயமுறுத்தியது.

"ரெக்கார்டு தயார் பண்ணியாச்சுண்ணே. லைட்டம்மா மேசையில இருக்கு. நாளைக்கு ஒரு தடவை நீங்க வாசிங்க. சரியா வரலைன்னா மறுநாள்லேர்ந்து நீங்க முன்வரிசையில உட்கார்ந்து பார்க்கலாம். டிக்கெட் வேண்டாம்."

வீட்டில் பேஸ்காரர் ஸ்டிக்கர்களை உரிக்கவில்லை. அவற்றைக் கத்தரித்து ஊசிமுனை அளவுக்குக் குறைத்தார். அந்த அளவில் லைட்டம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தார். மனைவி வாசற்படியிலேயே நின்றாள். அறைக்குள் வரவில்லை.

"இப்பவாவது பத்துல ஒண்ணு வைங்களேன். யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

மிச்சத்தில் ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்து, பத்தாம் இடத்துக்கு மேலே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். முப்பது வருஷம் வாசித்தவனுக்குப் பத்து எங்கே என்று தெரியாது என்று அந்தத் துணுக்கு ஊருக்கே சொல்லிவிடும் போல இருந்தது. இடுக்கியை விரித்தார். துணுக்கு தரையில் விழுந்து காணாமல் போனது.

"வீம்பு," என்றாள் மனைவி. பிறகு குரல் இறங்கி, "நாளைக்கு நல்லா வாசிங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கே போய், பேஸை மேடையில் அதன் இடத்தில் நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த மேசை விளக்கை அதன்மேல் திருப்பி வைத்தார். படபடப்பு தாங்காமல் நாலு மணிக்கு டீ குடிக்கப் போனார். ஒன்று குடித்தார், இரண்டு குடித்தார். திரும்பி வந்தபோது மேசை விளக்கு அணைந்திருந்தது. மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த லைட்டம்மாவுக்கு வணக்கம் சொன்னார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை விரல்களை இடது கைக்குள் பொத்திக்கொண்டு வேகமாக மேலே போய்விட்டார். இன்னும் கோபம் தீரவில்லை என்று பேஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

ஆறரைக்குத் திரை விலகியது. கூட்டம் நிறைந்திருந்தது. பேய்க் காட்சிக்கு லைட்டம்மா இருட்டைப் போட்டார். உண்மையிலேயே அது போட்ட இருட்டுதான். பேஸ்காரருக்குத் தன் கையே தெரியவில்லை.

குனிந்து பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை.

லைட்டம்மா உரித்துவிட்டார்! இடிக்காரர் உலுக்க ஆரம்பித்துவிட்டார். இனி நிறுத்த முடியாது. மூன்றாம் இடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்து, கம்பியை மீட்டி, விரலை நகர்த்தினார். பதினொரு வருஷம் போகட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வோம் என்று தோன்றிவிட்டது. அழுகை முட்டியது.

அப்போது ஒரு புள்ளி தெரிந்தது.

ஒன்றே ஒன்று, மங்கலான மஞ்சளில். அவர் எதுவும் ஒட்டாத இடத்தில். பத்தில். ராத்திரி தூங்கிய பிறகு மனைவி எழுந்து வந்து ஒட்டியிருக்கிறாள்! அவள்மேல் அவருக்கு அப்படியொரு பாசம் பொங்கியது. புள்ளியை நோக்கி விரலை வழுக்கினார். சற்றுத் தாண்டிவிட்டார் போலும், புள்ளி ஒடுங்கிக் கீற்றானது. பின்வாங்கினார். மறுபடி வட்டமானது. இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினார். புள்ளி முழுசாக, அசையாமல் நின்றது. அவரும் நின்றார்.

இடி ஓய்ந்தது.

அந்தச் சுரம் தன்னந்தனியாக, துல்லியமாக, கொட்டகை முழுக்க நின்றது. கதாநாயகி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சரணத்தில் ஏறினாள். இருட்டில் ஒருத்தர்கூட இருமவில்லை. பேஸ்காரரின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கையை எடுக்க முடியாததால் அதைத் துடைக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் டைரக்டர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "ரெக்கார்டை நானே தூக்கிப் போட்டுடறேன்ணே. இந்தக் குழு இருக்கிற வரைக்கும் அந்த இடம் உங்களோடதுதான்."

பேஸ்காரர் முதல் வேலையாக மனைவிக்குப் போன் போட்டார். "நீ பத்துல வச்ச புள்ளிதான் என் மானத்தைக் காப்பாத்திச்சு."

"நான் எங்க வச்சேன்? அந்த ரூமுக்குள்ளயே நான் போகலையே."

அப்படியானால் லைட்டம்மாதான். எல்லாவற்றையும் உரித்துவிட்டு, பாவம் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் ஒன்றை மாற்றி ஒட்டியிருக்கிறார். வெளியே கண்டிப்பு, உள்ளே தங்கமான மனசு. பேஸைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"லைட்டம்மா, நீங்க விட்டுவச்ச அந்த ஒரு புள்ளிக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

லைட்டம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகத்தில் ரத்தமில்லை. மேசையில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் ஊசிமுனை அளவில் ஆறு துணுக்குகள் இருந்தன.

"முதல்ல அதை அந்தப் பக்கம் திருப்பி வைங்க சார்."

பேஸ்காரர் வாத்தியத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். "சரி, திருப்பிட்டேன். சொல்லுங்க."

"நாலு மணிக்கு எல்லாத்தையும் அணைச்சுட்டு ஆறையும் உரிச்சேன். ஏழாவதைச் சுரண்ட நகத்தைக் கிட்ட கொண்டுபோனேன் சார்... அது கண்ணை மூடிக்கிச்சு."